60 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, தலைக்கு 35 ரூபாய்: அளவும் கணக்கும் சொல்லுங்கள்

கொளத்தூர்_பெற்றோர்:

சென்னை கொளத்தூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளி. சுயநிதிப் பள்ளி என்பதால் அரசின் சத்துணவும் காலை உணவும் இங்கே கிடையாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள். பெற்றோரில் பாதிப் பேர் காலை ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். டப்பாவில் வருவது நூடுல்ஸ், பிரெட் ஜாம், இல்லையென்றால் வாசலில் வாங்கிய பத்து ரூபாய் பாக்கெட். பள்ளியிலேயே சமைத்துப் போடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

இருப்பது: பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு ஜன்னல், ஒரு குழாய். குழாயில் வருவது போர் தண்ணீர். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், தனியாக ஒரு டேங்கில் நிற்கிறது. சமைக்க ஒருவர், உதவிக்கு ஒருவர் கிடைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு 35 ரூபாய் வரை கொடுக்கப் பெற்றோர் தயார், அதற்கு மேல் முடியாது.

தெரிய வேண்டியவை: எதை எத்தனை கிராம் போட வேண்டும்? 35 ரூபாய்க்குள் சத்தாகக் கொடுக்க முடியுமா? பெரிய அளவில் சமைக்கும்போது எங்கே கெடும், ஏன் கெடும்? என்ன பதிவு, என்ன அனுமதி வேண்டும்? "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" எல்லாம் நிறையக் கிடைத்துவிட்டது. எண்கள்தான் வேண்டும்.

அளவு_சாப்பாடு:

எண்களாகவே சொல்கிறேன். தேசிய மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு வைத்திருக்கும் அளவு: அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். அதிலிருந்து 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வர வேண்டும் என்பது கணக்கு. ஆறாம் வகுப்புக்கு மேல் அரிசி 150, பருப்பு 30, காய் 75, எண்ணெய் 7.5 கிராம். உங்களுக்கு முதல் அளவு போதும்.

ஆனால் அரிசியை அப்படியே 100 கிராம் போட்டால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். சராசரி 70 கிராமில் தொடங்குங்கள், மொத்தம் 4.2 கிலோ. குறைத்த கலோரியை முட்டையிலோ சுண்டலிலோ ஈடுகட்டலாம். பருப்பில் கை வைக்காதீர்கள். 20 கிராம் வீதம் 1.2 கிலோ, ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. காய் நறுக்கிய பின் 3 கிலோ வர வேண்டும் என்றால் வாங்கும்போது 3.6 கிலோ. எண்ணெய் 300 கிராம், அதாவது ஏறக்குறைய 330 மில்லி.

இனி காசு. கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும். கீழே நான் போடுவது கணக்குக்கான விலை, உங்கள் பக்கத்து விலையை இதே கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். புழுங்கல் அரிசி கிலோ 55 என்றால் 70 கிராம் 3.85. துவரம்பருப்பு கிலோ 130 என்றால் 20 கிராம் 2.60. காய் கிலோ 40 என்றால் 60 கிராம் 2.40. எண்ணெய் 80 காசு. புளி, மிளகாய், மல்லி, கடுகு, உப்பு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து 1.50. ஆக 11.15.

முட்டை ஒன்று 6.50. சுண்டலுக்குக் கொண்டைக்கடலையோ காராமணியோ 20 கிராம் 1.80. வாரத்தில் மூன்று நாள் முட்டை, இரண்டு நாள் சுண்டல் என்றால் சராசரி 4.62. வணிக சிலிண்டர் 19 கிலோ 1,900 ரூபாய் என்று வைத்தால், இந்தச் சமையலுக்கு ஒரு நாளைக்கு 1.3 கிலோ எரியும், தலைக்கு 2.20. சோப்பு, துணி, குப்பைப் பை 1 ரூபாய்.

இதுவரை ஏறக்குறைய 19 ரூபாய். "அப்படியானால் 35-ல் நிறைய மிஞ்சுமே" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். சம்பளத்தைப் போடுங்கள். சமைப்பவருக்கு 12,000, உதவிக்கு 8,000 என்றால் மாதம் 20,000. 60 பிள்ளைகள், 22 நாள், 1,320 சாப்பாடு. தலைக்கு 15.15. மொத்தம் 34.12. மாத முடிவில் கையில் நிற்பது 1,100 ரூபாய்க்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் இந்தச் சம்பளக் கணக்கில்தான். 60 பேர் 50 ஆனால் சம்பளம் தலைக்கு 18.18 ஆகிவிடும். அதனால் தினசரி டோக்கன் வேண்டாம். மாதக் கட்டணமாக, மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். வராத நாளுக்குக் காசு திருப்பித் தருவதில்லை என்று முதலிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அரையாண்டு விடுமுறை, மே மாதம் இவற்றுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். மே மாதம் சும்மா அனுப்பினால் ஜூனில் புதிதாக ஆள் தேட வேண்டியிருக்கும்.

அதே காரணத்தால் தினமும் ஒரு அண்டாச் சோறு, கூட ஒரே ஒரு பக்கப் பொருள் என்று கட்டுப்படுத்துங்கள். சாதம், குழம்பு, பொரியல், ரசம் என்று தனித்தனியாகப் போனால் மூன்றாவது ஆள் வேண்டும். அப்போது 35 தாங்காது. அடுப்பு, பாத்திரம், சிலிண்டர் டெபாசிட் எல்லாம் தனியாக ஒருமுறை வசூல். இதை மாதக் கணக்கில் கலந்தால் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

தலைக்கு இவ்வளவு என்று காசுக்கு வரம்பு கட்டிப் பள்ளியில் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1920-ல் மெட்ராஸ் மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப் போட்ட தீர்மானத்திலேயே மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது.

இன்னொன்று. செலவைக் குறைக்க ரேஷன் அரிசி வாங்கிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது குடும்ப அட்டைக்கானது. விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். சோதனை வந்தால் பள்ளியின் பெயர்தான் போகும்.

தட்டில்_என்ன:

மேலே உள்ள அளவு சரிதான். சத்துப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

70 கிராம் அரிசி 245 கலோரி, 20 கிராம் பருப்பு 68, எண்ணெய் 45, காய் 20. கூட்டினால் 378. ஒரு முட்டை 70 கலோரி சேர்ந்தால் 450-ஐத் தொடும். புரதம்: அரிசியில் 5, பருப்பில் 4.4, முட்டையில் 6 கிராம், ஆக 15-க்கு மேல். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன நாள் தேவை 23 கிராம். ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது, இதில் கவலை இல்லை.

கவலை இரும்பிலும் கால்சியத்திலும். அதே வயதுக்கு நாளொன்றுக்கு இரும்பு 15 மில்லிகிராம், கால்சியம் 650 மில்லிகிராம். அரிசியும் பருப்பும் மட்டும் என்றால் இரண்டுமே தேவைக்குப் போதாது.

இரும்புக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை, கீரை, காராமணி. ஆனால் பயறு, கீரை இவற்றில் உள்ள இரும்பு உடலில் லேசில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். சுண்டல் நாளில் எலுமிச்சை பிழிவதற்கு ருசியைத் தாண்டி இதுதான் காரணம். அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதியில் வைட்டமின் சி போய்விடும். நெல்லிக்காய் வரும் பருவத்தில் ஆளுக்கு அரைக் காய் நறுக்கிக் கொடுத்தால் போதும். கொய்யா மலிவான நாளில் ஒரு துண்டு. சாப்பாட்டோடு, அல்லது உடனே பின்னால், டீ வேண்டாம். நாலாம் வகுப்பிலேயே டீ குடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

கால்சியத்துக்குப் பாலோ தயிரோ தினமும் கொடுக்க 35 ரூபாயில் இடமில்லை. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. வாரம் ஒரு நாள் இடைவேளையில் 25 கிராம் மாவில் ஒரு கேழ்வரகு உருண்டை கொடுங்கள். தோல் நீக்காத எள்ளை வறுத்துப் பொடித்துச் சாதத்தில் ஆளுக்கு 5 கிராம் கலக்கலாம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளுக்குக் காசு கொடுக்காதீர்கள், தோலோடு கால்சியத்தில் பெரும்பங்கு போய்விடும்.

அரிசி புழுங்கலாகவே இருக்கட்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்கள் உள்ளே இறங்குவதால், தீட்டிய பிறகும் பச்சரிசியைவிட அதிகம் தங்கும். வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் அதுவும் போகும். ஒரே அண்டாவில் தண்ணீர் சுண்டும்படி சமைப்பது இந்த வகையிலும் நல்லது.

உப்பு: ஒரு வேளைக்குத் தலைக்கு ஒன்றரை கிராம், 60 பேருக்கு 90 கிராம். தராசில் நிறுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கையளவில் போட்டால் 150 போகும். பெரியவர் நாக்குக்கு ருசி பார்த்து உப்புப் போடும் சமையல்காரரை முதல் வாரம் மாற்றுவது கடினம்தான். அந்தக் கிண்ணம் இருந்தால் சண்டை குறையும்.

சத்துணவுப் பட்டியலில் இருக்கும் கறிவேப்பிலை சாதம், மீல்மேக்கர் காய்கறி சாதம், கொண்டைக்கடலை புலாவ் மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். மீல்மேக்கர் 100 கிராமில் புரதம் 50 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஆளுக்கு 10 கிராம் போட்டால் 5 கிராம் புரதம், முட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உப்புப் போட்ட சுடுநீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பச்சை வாடைக்குப் பிள்ளைகள் பொறுக்கிப் போட்டுவிடுவார்கள்.

வடசென்னை_வாசகர்:

எதற்கு இத்தனை பாடு? அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய்தானே. ஆட்டோவில் போய் அண்டாவில் வாங்கி வந்துவிடலாமே.

அளவு_சாப்பாடு:

சார், அம்மா உணவகத்தில் பார்சல் தருவதில்லை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான். மானியத்தில் ஓடும் இடம். அங்கிருந்து 60 சாப்பாடு எடுத்துவிட்டால் மதியம் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளி வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும்.

அண்டா_கரண்டி:

சமையல் பக்கம் நான் சொல்கிறேன். சாம்பார் சாதம் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் வரும், அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரில் பருப்பு வேக வைக்காதீர்கள். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். ஆறு விசில் விட்டாலும் நடுவில் கல் மாதிரி நிற்கும். கொண்டைக்கடலை இன்னும் மோசம். உடனே சோடா உப்பைத் தேடுவார்கள். பருப்பு குழையும், ஆனால் தயாமின் என்கிற பி1 அழிந்துவிடும், ஒரு வழவழப்பும் வந்துவிடும். பாத்திரம் கழுவப் போர் தண்ணீர், ஊறவைக்கவும் வேகவைக்கவும் மெட்ரோ தண்ணீர். நாளுக்கு 40 லிட்டர் போதும். கடலையை முந்தின இரவே ஒரு பிடி உப்புப் போட்டு ஊறவையுங்கள், தோல் சீக்கிரம் இளகும்.

பாத்திரம்: அடி கனமான ஸ்டீல் அண்டா, 40 லிட்டர். வெறும் அலுமினியம் வேண்டாம், புளியும் தக்காளியும் அதைத் தின்னும். 12 லிட்டர் குக்கர் ஒன்று. நீளத் துடுப்பு ஒன்று, ஜல்லிக்கரண்டி ஒன்று, 125 மில்லி பிடிக்கும் பரிமாறும் கரண்டி இரண்டு. தரையில் வைக்கும் பெரிய பர்னர் ஒன்று, சாதாரண பர்னர் ஒன்று.

எட்டரைக்குப் பருப்பு. 1.2 கிலோ துவரம்பருப்பு, 4 லிட்டர் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு கரண்டி எண்ணெய். குக்கரில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. பருப்பு நுரை விசில் துவாரத்தை அடைத்தால் சேஃப்டி வால்வ் தெறிக்கும். நாலு விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம். பிரஷர் தானாக இறங்கட்டும்.

அரிசியைக் களைந்து அரை மணி ஊறவைக்கவும். இரண்டு தண்ணீர் போதும், நாலைந்து முறை கசக்கிக் களைய வேண்டாம்.

ஒன்பதரைக்கு அண்டா ஏறட்டும். 250 மில்லி எண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி. மிச்ச எண்ணெய் கடைசித் தாளிப்புக்கு. தக்காளி கரைந்ததும் காய். அதன்மேல் சாம்பார்பொடி 120 கிராம், காரம் குறைந்த பொடி. எண்ணெயில் அரை நிமிடம் பிரட்டினால் பச்சை வாடை போகும். பிறகு 16 லிட்டர் தண்ணீர். நன்றாகக் கொதித்த பிறகுதான் அரிசி. கொதிக்கும் முன் போட்டால் அரிசி அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும்.

அரிசி முக்கால் வெந்ததும் கடைந்த பருப்பு. 200 கிராம் புளியை ஒன்றரை லிட்டர் சுடுநீரில் கரைத்து, தனியாகக் கொதிக்க வைத்து வைத்திருங்கள். அது கடைசியில்தான். புளி முதலிலேயே போனால் அரிசியும் காயும் வேகாமல் விறைத்து நிற்கும். புளிப்பு எதையும் இளக விடாது. பெரிய சமையலில் "எவ்வளவு எரித்தாலும் வேகவில்லை" என்று கேட்டால் பத்தில் எட்டு இடத்தில் போர் தண்ணீர் அல்லது அவசரப் புளி.

பருப்பு இறங்கியதிலிருந்து தீயைச் சிறிதாக்கி, அண்டாவுக்கு அடியில் பழைய இரும்பு தோசைக்கல்லைச் செருகுங்கள். அடியைத் துடுப்பால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கவாட்டில் சுழற்றினால் போதாது. தீய்ந்த வாடை வந்துவிட்டால் சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து, மேல்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு அள்ளுங்கள். சுரண்டிக் கலக்கினால் அண்டா முழுக்கப் போய்விடும்.

இறக்கும்போது கஞ்சிப் பதத்தில், கரண்டியிலிருந்து தானாக வழிய வேண்டும். பதினொன்றேகாலுக்குச் சரியாகத் தெரிகிற சாம்பார் சாதம் பன்னிரண்டரைக்குக் கட்டியாகிவிடும், அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு லிட்டர் வெந்நீர் தயாராக வைத்திருந்து பரிமாறும் முன் கலந்துகொள்ளுங்கள். சின்ன வகுப்புக்கு மூன்று கரண்டி, பெரிய வகுப்புக்கு நாலு. மறுசோறு கேட்டால் போடுங்கள், முதலிலேயே குவிக்க வேண்டாம்.

காய் நறுக்குவதில்தான் பிள்ளைகள் சாப்பிடுவார்களா இல்லையா என்பது தீர்மானமாகும். பரங்கி, சுரை, பீர்க்கை, சௌசௌ இவற்றைச் சிறிதாக வெட்டி முதலிலேயே போட்டால் கரைந்து சாற்றோடு போய்விடும், பொறுக்க எதுவும் இருக்காது. மலிவும் இவைதான். கேரட், பீன்ஸ் கண்ணுக்குத் தெரிந்தாலும் எதிர்ப்பு இல்லை. கத்தரிக்காயும் முள்ளங்கியும் திரும்பி வரும். முருங்கைக்காய் பெரியவர்களுக்குப் பிடிக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கு மென்று துப்பத் தெரியாது, தட்டைச் சுற்றிச் சக்கை, வகுப்பு முழுக்கக் குப்பை. காய் வாங்க தினமும் கோயம்பேடு ஓட வேண்டாம், 3.6 கிலோவுக்குப் பஸ் காசு கட்டாது. வாரம் இரண்டு முறை போய்த் தாங்கும் காயை வாங்கி வையுங்கள், கீரை மட்டும் அன்றன்று உள்ளூரில்.

கீரை சாதத்துக்குச் சிறுகீரையோ அரைக்கீரையோ 3 கிலோ. மூன்று தண்ணீரில் அலச வேண்டும், மண் அடியில் தங்கும்படி கையால் மேலே அள்ளி எடுங்கள், பாத்திரத்தைக் கவிழ்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரையை விட்டுவிடுங்கள். விலையும் ஏறும், சேறும் பூச்சியும் அலசித் தீராது. அந்த மாதங்களில் கறிவேப்பிலைப் பொடிச் சாதம். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் ஒரு கிலோ உருவ ஒரு ஆள் அரைக் காலை உட்கார வேண்டும். வீட்டில் உருவிக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்கு முறை வைக்கலாம்.

கொளத்தூர்_பெற்றோர்:

மிக்க நன்றி. போர் தண்ணீர் விஷயம் கூட்டத்தில் யாருமே யோசிக்காதது. எந்த நாள் எது? முட்டை எந்த நாட்களில்? எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் எளிது என்று சமைக்க வரும் அக்கா சொல்கிறார்கள். அவற்றையும் வாரத்தில் சேர்க்கலாமா?

சுத்தம்_முதலில்:

முட்டை திங்கள், புதன், வியாழன். செவ்வாய், வெள்ளியில் வேண்டாம். நிறைய வீடுகளில் அந்த இரண்டு நாளும் கவுச்சி கிடையாது, அவித்த முட்டை அப்படியே திரும்பி வரும். அந்த நாட்களில் சுண்டல். புரட்டாசி முழுக்கவே முட்டை எடுபடாது, அந்த மாதம் மூன்று நாளும் மீல்மேக்கரோ கடலையோ மாற்றிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை சாதம் எளிது என்பது சமைக்கிறவருக்கு. கெடுவதில் அதுதான் முதலிடம். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுத்தானே கலக்குகிறோம்? அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும், வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. காலை எட்டு மணிக்கு வடித்துப் பரப்பி பன்னிரண்டரைக்குப் போட்டால், சென்னை வெயிலில் நாலரை மணி நேரம். போடுவதானால் பதினொன்றரைக்கு மேல் வடித்து, சூட்டோடு கலந்து, ஒரு மணிக்குள் தட்டு கழுவியாக வேண்டும். தயிர் சாதம் சித்திரை முதல் ஆனி வரை புளித்துவிடும். மற்ற மாதங்களில் பாலில் குழைத்து, ஆறிய பின் இரண்டு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். தேங்காய்ச் சட்னி பள்ளிச் சமையலுக்கே வேண்டாம்.

மற்றவை எல்லாம் அண்டாவில் 60 டிகிரிக்கு மேல் சூடாக நிற்க வேண்டும். இறக்கியதிலிருந்து வாயில் போகும் வரை இரண்டு மணி நேரத்துக்குள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வது கணக்கல்ல. பரிமாற அரை மணி முன்பு ஆசிரியர் ஒருவரோ பெற்றோர் ஒருவரோ சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சின்ன டப்பாவில் அன்றைய மாதிரியை எடுத்து 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிஞ்சிய சோறு மாலை டியூஷன் பிள்ளைகளுக்குப் போகக் கூடாது, ஆயா வீட்டுக்குத் தூக்கிலும் போகக் கூடாது.

முட்டை: தண்ணீரில் மிதப்பதைத் தள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஏற்றி, கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடம். பிறகு உடனே குளிர்ந்த தண்ணீர். அரை மணி கொதிக்க விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். கெட்டது அல்ல, வெள்ளையில் உள்ள கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் சேர்வது. ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்தே ஒதுக்குவார்கள். காலையிலேயே உரித்து அடுக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு உரித்தால் போதும். நிலக்கடலை கொடுக்கும் நாள் வந்தால், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுதாக வேண்டாம், பொடித்துக் கொடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் யார் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கி, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அடுப்புக்கு நேர் மேலே டியூப்லைட் மாட்டாதீர்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், கீழே மூடாத அண்டா. விளக்கு பக்கச் சுவரில், அண்டாவுக்கு எப்போதும் மூடி, ஜன்னலுக்கு வலை. சிலிண்டர் அறைக்கு வெளியே, கூரையும் காற்றோட்டமும் உள்ள கூண்டில். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

பதிவு: பள்ளியே சமைத்துப் போட்டாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பள்ளி உணவுக்கான 2020 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சமைப்பவர் இருவருக்கும் மருத்துவச் சான்று, டைபாய்டு ஊசி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்று. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது. வாசல் பாக்கெட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

அண்டா_கரண்டி:

வரிசை கேட்டிருந்தீர்கள். திங்கள் சாம்பார் சாதம், முட்டை. செவ்வாய் கறிவேப்பிலை சாதம், துருவிய கேரட், காராமணி சுண்டல். அன்று சாதத்தில் பருப்பு இல்லாததால் சுண்டல் 20 அல்ல, 40 கிராம். புதன் கீரைப் பருப்பு சாதம், முட்டை. வியாழன் மீல்மேக்கர் காய்கறி சாதம், முட்டை. வெள்ளி அரிசியும் பருப்பும் பரங்கிக்காயும், கொண்டைக்கடலை சுண்டல். எலுமிச்சை சாதத்தை மாசிக்கு முன், குளிர் மாதங்களில் மட்டும்.

முதல் இரண்டு வாரம் எல்லா நாளும் மிஞ்சியதைத் தராசில் நிறுத்து எழுதுங்கள், அண்டாவில் நின்றது தனி, தட்டில் விட்டது தனி. அண்டாவில் மிஞ்சினால் அரிசி அளவு அதிகம், அரைக் கிலோ குறைக்கலாம். தட்டில் மிஞ்சினால் காரமோ காயோ பிடிக்கவில்லை, அரிசியைக் குறைத்துப் பயனில்லை.

கொளத்தூர்_பெற்றோர்:

குறித்துக்கொண்டோம். தட்டு பள்ளியில் வாங்கி வைப்பதா, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதா?

சுத்தம்_முதலில்:

வீட்டிலிருந்து. 60 தட்டைப் பள்ளியில் கழுவினால் உதவியாளருக்கு ஒரு மணி நேரம், 100 லிட்டர் தண்ணீர். பள்ளியில் பத்துத் தட்டு மட்டும் கூடுதலாக வையுங்கள், மறந்து வருபவர்களுக்கு. மிச்சமாகும் தண்ணீரைக் கை கழுவ ஒதுக்குங்கள், வாளியும், மொண்டு ஊற்றக் குவளையும், சோப்பும் வைத்து, பன்னிரண்டேகாலிலிருந்து வகுப்பு வகுப்பாக அனுப்பினால் பன்னிரண்டரைக்கு எல்லோரும் உட்கார்ந்துவிடலாம்.